கணுக்காலைப் பிடித்திருந்த கை

மூளை ஸ்கேன் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் பணிபுரிந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை டெக்னீஷியன் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.

காந்தக் குழாயின் வாசலில் காலையில் முதல் ஆளாய் வந்து நின்றவரே, கடைசிப் பிள்ளை காலணி மாட்டிக்கொண்டு போன பின்பே கதவைச் சாத்தியவரே, இரும்பை வெளியே நிறுத்தி இரக்கத்தை உள்ளே அழைத்துச் சென்றவரே, முகம் மறைந்த மனிதரைக் கால் பார்த்து அறிந்தவரே, தன் பிழையைத் தானே எடுத்துச் சொல்ல ஒரு வியாழக்கிழமை மாடிப்படி ஏறியவரே, எங்கள் அக்காவே, வணக்கம்.

பாராட்டு மடல் என்றதும் நீங்கள் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது. "ரெண்டு பக்கத்துல முடிங்கப்பா. ஸ்டோர் அண்ணனுக்கு வாசிச்சப்போ அவரே தூங்கிட்டாரு." இது இரண்டு பக்கத்தில் முடியாது. ஆனால் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்கிறோம். உங்களைப் புகழ எங்களுக்குப் பெரிய சொற்கள் தேவைப்படவில்லை; நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும் என்று பதினோரு பேரும் கூடிப் பேசி முடிவு செய்தோம்.

முப்பத்தோர் ஆண்டுகளில் மூன்று இயந்திரங்களைப் பார்த்தவர் நீங்கள். முதல் இயந்திரம் இடித்த இடியில் மேல்மாடிக் கண்ணாடி அதிர்ந்ததாம். இரண்டாவது அடிக்கடி படுத்துக்கொண்டது. மூன்றாவதோடு எங்களில் பலரும் வந்து சேர்ந்தோம். இயந்திரம் மாறினாலும் மைக்கில் கேட்ட குரல் மாறவில்லை. "அப்படியே இருங்க. நல்லா இருக்கீங்க. அப்படியே இருங்க." நாளுக்கு நூறு முறை அதைச் சொன்னதால் 'அப்படியே அக்கா' என்பதே உங்கள் பெயராகிவிட்டது. போன ஆண்டு உங்கள் வீட்டுக்காரர் இங்கே வந்தபோது அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார். "வீட்லயும் இதே கதைதான். சாப்பாடு போடும்போதுகூட அப்படியே இருங்கன்னுதான் சொல்றா" என்றார்.

ஸ்கேன் அறைக்குள் ஓர் ஊக்குகூடப் போகக் கூடாது என்பதில் நீங்கள் காட்டிய கண்டிப்பை உடை மாற்றும் அறையின் சுவர்களும் அறியும். கொண்டையூசி, ஹூக், பெல்ட், சாவி, சில்லறை என்று அந்தப் பிளாஸ்டிக் தட்டில் ஒரு சின்னக் கடையே சேரும்.

"தம்பி, பாக்கெட்ல என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"சரி, அந்த ஒண்ணுமில்லாததை எடுத்து இந்தத் தட்டுல வை."

சாவிக்கொத்து வந்து விழும். திட்ட மாட்டீர்கள். "இது உள்ள போயிருந்தா உனக்கு முன்னாடி இது படுத்திருக்கும்" என்பதோடு சரி.

இவற்றை எல்லாம் இன்னும் பல பத்திகள் எழுதலாம். ஆனால் உங்களை நினைக்கும்போது எங்கள் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆராய்ச்சியும் அந்தப் பட்டியலும்தான். இந்த அரங்கில் உங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதனால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறோம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நம் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் பதினைந்து வயது முதல் இருபத்து நான்கு வயதுக்குள் உள்ள பிள்ளைகள். அவர்கள் நோயாளிகள் அல்லர். ஒருவருக்கு யாரும் இல்லாத அறையில் தன் பெயரைக் கூப்பிடும் குரல் கேட்கும். இன்னொருவருக்குப் பேருந்தில் சிரிப்பவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்தே சிரிப்பதாகத் தோன்றும். வேறொருவர் காரணம் சொல்லாமல் நண்பர்களிடமிருந்து மெல்ல விலகிப் போயிருப்பார். இவர்களில் பலர் தானாகவே சரியாகிவிடுவார்கள். சிலர் மனச்சிதைவுக்குள் போவார்கள். யார் எந்தப் பக்கம் என்பது முன்கூட்டித் தெரிந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடலாம். பெரிய டாக்டர் அதைத்தான் தேடினார்.

வேலை இரண்டு இடங்களில் நடந்தது. கீழ்த்தளத்தில் நாம். பிள்ளை குழாய்க்குள் பத்து நிமிடம் கண் திறந்தபடி ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க வேண்டும். மேல்தளத்தில் மனநல ஆலோசகர். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய், கடைசியாக யாருக்குப் போன் செய்தாய், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசி, பிறரோடு பழகி வாழும் திறனுக்கு அவர் மதிப்பெண் போடுவார். மூளைக்குள் இருக்கும் இணைப்பும் மனிதர்களோடு இருக்கும் இணைப்பும் சேர்ந்து கூடுகின்றனவா, சேர்ந்து குறைகின்றனவா என்பதுதான் கேள்வி.

ஒன்றும் செய்யாத மூளையில் என்ன இணைப்பு தெரியும் என்று ஒரு தேநீர் வேளையில் நீங்கள் கேட்டீர்கள். கணினியில் எந்நேரமும் கோடுகளோடு குடியிருக்கும் நம் வரைபடத் தம்பி விளக்கினார்.

"ரோடு இருக்கா இல்லையான்னு நாம பாக்கலக்கா. தூரத்துல இருக்கிற ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல லைட்டு எரியுதா, ஒரே நேரத்துல அணையுதான்னு பாக்குறோம். அப்படி நடந்தா நடுவுல ஏதோ போக்குவரத்து இருக்குன்னு அர்த்தம்."

"கரண்ட் போனாலும் ரெண்டு ஊர்லயும் ஒரே நேரத்துலதானே தம்பி அணையும்?"

அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "இதைக் கேக்குறதுக்குன்னே ஒரு கமிட்டி வச்சிருக்கோம்க்கா. அவங்க கேக்க மூணு மாசம் ஆச்சு."

இணைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் தலை அசையக் கூடாது. ஓர் அரிசி அளவு அசைந்தாலே படத்தில் தூரத்து இணைப்புகள் மெலிந்து தெரியும். அந்தப் பிள்ளைகளோ அசையாமல் இருக்க முடியாதவர்கள். தலைக்கூண்டைப் பொருத்தும்போதே சிலருக்குக் கண் கலங்கும். துணைக்கு அம்மாவோ அண்ணனோ வந்திருந்தால் உள்ளே உட்கார வைப்போம். தனியாக வந்தவர்களுக்கு யார்?

நீங்கள்தான். இயந்திரத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சக டெக்னீஷியனிடம் ஒப்படைத்துவிட்டு, காதில் பஞ்சடைத்துக்கொண்டு, இரும்பில்லாத அந்த நீல முக்காலியைப் படுக்கையின் கடைசியில் இழுத்துப் போட்டு உட்காருவீர்கள். பிள்ளையின் கணுக்காலில் உங்கள் உள்ளங்கை இருக்கும். பிடிக்கவும் மாட்டீர்கள், தடவவும் மாட்டீர்கள். அது அங்கே இருக்கும், அவ்வளவே. பத்து நிமிடமும் இருக்கும்.

ஏன் கையைப் பிடிக்காமல் காலைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில்: "கையைப் பிடிச்சா, இவங்களுக்கே பயம் போலன்னு நினைச்சுக்கும். கால்ல வச்சா, சும்மா ஒரு ஆள் இருக்குன்னு மட்டும் தெரியும்."

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு படிவம் நிரப்பினோம். முப்பத்திரண்டு கட்டங்கள். உயரம், எடை, எழுதும் கை எது, எத்தனை மணி நேரம் தூங்கினார், காலையில் தேநீர் குடித்தாரா, அறையின் வெப்பம் எவ்வளவு. முப்பத்திரண்டையும் ஒரு நாளும் தவறாமல் நிரப்பினோம். காலில் ஒரு கை இருந்ததா என்று கேட்க அதில் கட்டம் இல்லை. நீங்கள் எழுதவில்லை. கண்ணாடி வழியாக அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் எழுதவில்லை. எங்களில் ஒருவருக்குக்கூட அது எழுத வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை. இதில் உங்களை மட்டும் தனியே நிறுத்த நாங்கள் விரும்பவில்லை.

மூன்றாம் ஆண்டு முடிவில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் படங்கள் சேர்ந்திருந்தன. அதே வேளையில் இன்னொரு நல்ல செய்தி வந்தது. ஓராண்டுக் காலம், வாரத்துக்கு ஒரு நாள், ஆலோசகரின் கீழ் பிள்ளைகள் கூடிப் பழகும் குழு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் இடம் இருபத்து நான்கு பேருக்குத்தான். மற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. யாருக்கு இடம் என்று எப்படி முடிவு செய்வது? பேச்சை வைத்துப் போட்ட மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரலாம், ஸ்கேனில் வராது என்று அன்று எல்லாரும் நம்பினோம். மூளை இணைப்பு மெலிந்தவர்கள் இருபத்து நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு புதன்கிழமை தேநீர் அறைப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. பெயர்கள் இல்லை, நூற்றுப் பன்னிரண்டு எண்கள் மட்டும்: ஒரு பக்கம் இடம் கிடைத்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். வெள்ளிக்கிழமை அது தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

தேநீர் ஆறட்டும் என்று காத்திருந்த நேரத்தில் நீங்கள் அதைப் படித்தீர்கள். ஐம்பத்தெட்டாம் எண்ணில் உங்கள் விரல் நின்றது. (அந்தப் பிள்ளையை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் எண்ணை மாற்றி எழுதியிருக்கிறோம்.) எண் சீட்டை ஒட்டியவரே நீங்கள் என்பதால் யாரென்று தெரியும். எதிரே 'இணைப்புகள் நன்று, ஆண்டுக்கு ஒரு அழைப்பு போதும்' என்று இருந்தது.

ஆலோசகரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். "இந்தப் புள்ள இப்ப வீட்ல யார்கிட்டயாவது பேசுதாம்மா?"

"எங்கக்கா. கதவுக்கு அடியில சீட்டு எழுதித் தள்ளுதாம். அம்மாவும் பதில் எழுதித் தள்ளுறாங்களாம்."

"அப்புறம் எப்படி நல்லாருக்குன்னு போட்டிருக்கு?"

"ஸ்கேன் நல்லா வந்திருக்கே."

நீங்கள் பட்டியலின் மேலிருந்து கீழ்வரை மறுபடி விரலை ஓட்டினீர்கள். அடுத்து ஒரு எண்ணில் நின்றது. பிறகு இன்னொன்று. தனியாக வந்தவர்கள், நடுங்கியவர்கள், நீங்கள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்கள் எல்லாருமே 'நன்று' என்ற பக்கத்தில் இருந்தார்கள். துணையோடு வந்து, சமாளித்துக்கொள்வார் என்று நீங்கள் விட்டுவிட்ட பிள்ளைகள் கொஞ்சம் அசைந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் குழுவில் இடம் கிடைத்திருந்தது. பின்னால் நின்ற சக டெக்னீஷியனிடம் திரும்பிச் சொன்னீர்கள்.

"இது அதுங்க மூளை இல்லப்பா. இது என் கை."

தேநீர் அப்படியே இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. இரண்டாம் மாடி. பெரிய டாக்டரின் அறையில் நடந்ததை அவரே எங்களுக்குச் சொன்னார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர், "நான் கோபப்பட்டதையும் விடாம எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டதால் எழுதுகிறோம்.

"டாக்டர், அந்தப் பட்டியலை அனுப்பாதீங்க. அதுல பாதி என்னால வந்தது."

நீங்கள் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாராம்.

"மூணு வருஷம்மா. மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல டாக்டர். எனக்கும் சொல்லணும்னு தோணல. தப்புதான்."

"எத்தனை பேரு?"

"நாப்பது பக்கம் இருக்கும்."

"பக்கம்னா? எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"ஞாபகத்தை வச்சு நான் எப்படிம்மா ஒரு ஆராய்ச்சியைத் திருத்துறது? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, எனக்குத் தெரிஞ்ச பையனுக்கும் கை வச்சேன்னு சொன்னா அதையும் ஏத்துக்கணுமா?"

அவர் கேட்டதும் நியாயம். நீங்களும் அதை மறுக்கவில்லை. "எனக்கு முகம் ஞாபகம் இருக்காது டாக்டர். முகம் குழாய்க்குள்ள போயிடும். வெளிய எனக்குத் தெரியறது கால் மட்டும்தான். கால் எனக்கு மறக்காது. எண்ணும் தேதியும் குடுங்க. எந்தெந்தக் காலுன்னு சொல்றேன். தப்பாச் சொன்னா பட்டியலை அனுப்பிடுங்க."

பெரிய டாக்டர் தலைமை அலுவலகத்தில் ஒரு வாரம் தவணை கேட்டார். வரைபடத் தம்பி ஒரு சோதனை அமைத்தார். நூற்றுப் பன்னிரண்டு எண்களையும் ஸ்கேன் எடுத்த தேதிகளையும் உங்களிடம் தருவார். எவர் காலில் கை வைத்தீர்கள் என்று நீங்கள் குறிக்க வேண்டும். அதே நாட்களில் ஆலோசகர் எல்லாப் பிள்ளைகளுக்கும் போன் செய்து ஒரே கேள்வியை ஒரே சொற்களில் கேட்பார்: "ஸ்கேன் எடுத்தப்போ உங்ககூட யார் இருந்தாங்க, எங்க இருந்தாங்க?" கை என்றோ கால் என்றோ அவர் வாயிலிருந்து வரக் கூடாது. யார் என்ன சொன்னார்கள் என்பது போனில் கேட்ட ஆலோசகரையும் தம்பியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தோம். இரண்டு தாளும் பொருந்தினால் பட்டியல் அனுப்பப்படாமல் நிற்கும். பொருந்தாவிட்டால் போகும்.

உடை மாற்றும் அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து குறித்தீர்கள். உள்ளே வந்து போனவர்கள் காதில் விழுந்ததைச் சேர்த்துத் தருகிறோம்.

"இது மழை நாளு. ஈரக் கால், சுருங்கிப் போயிருந்துச்சு. ஆமா, வச்சேன்."

"இது பெருவிரல் நகம் கறுத்தது. பந்து ஆடுற பையன். வச்சேன்."

"இது அம்மாவோட வந்த பொண்ணு. அவங்கம்மாதான் உக்காந்திருந்தாங்க. நான் இல்ல."

"இது ரொம்ப நடுங்கியிருக்கும். ஆனா அன்னைக்கு நான் லீவு. அடிச்சிடறேன்."

வைத்திருக்கலாமே என்று தோன்றிய எண்களைக்கூட நீங்கள் அடித்துவிட்டதைப் பார்த்தோம். ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கட்டுமே என்று ஒரு கோடு கூடுதலாகப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போடவில்லை. "ஒண்ணு பொய்யாப் போனா மத்ததும் பொய்யாயிடும்" என்றீர்கள்.

மேல்மாடியில் ஆலோசகர் தொண்டை கட்டும்வரை போன் செய்தார். பலர் ஓரிரு சொற்களில் முடித்தார்கள். ஒருவர் மட்டும் திருப்பிக் கேட்டாராம்: "யாரும் இல்ல. ஒரு ஆன்ட்டி என் கால்ல கை வச்சிட்டிருந்தாங்க. அதைக் கூட இருந்தாங்கன்னு சொல்லலாமா?"

திங்கட்கிழமை பத்து மணிக்கு எங்கள் எல்லார் முன்னும் தம்பி இரண்டு தாளையும் ஒப்பிட்டு, எண்ணிக்கையை மட்டும் சொன்னார். காலில் கை இருந்ததாகச் சொன்ன பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். நீங்கள் குறித்தது நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றும் நாற்பத்து மூன்றுக்குள் இருந்தது. ஒன்றுகூடத் தவறாக இல்லை.

தாள்களை மடித்து வைத்துவிட்டுத் தம்பியே தொடர்ந்தார். "நம்ம மெஷினே இவ்வளவு சரியா இருக்காது சார்." பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரே கீழே இறங்கி வந்து, தேநீர் அறைப் பலகையிலிருந்து பட்டியலைக் கழற்றினார். இருபத்து நான்கு இடங்களும் ஆலோசகரின் மதிப்பெண்படியும், பிள்ளைகளின் சொந்த விருப்பப்படியும் புதிதாகக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பதினொன்று அந்த நாற்பத்து மூன்று பேருக்குக் கிடைத்தது.

இழப்பும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அந்த நாற்பத்து மூன்று படங்களை விலக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, அதுவரை பளிச்சென்று தெரிந்த முடிவு மங்கிப்போனது. அனுப்பத் தயாராக இருந்த கட்டுரை நின்றது. அதை நம்பியிருந்த வரைபடத் தம்பியின் பட்டம் ஒன்றரை ஆண்டு தள்ளிப் போயிற்று. முதல் மாதம் அவர் உங்களோடு பேசவில்லை. இதையும் எழுதச் சொன்னவர் அவர்தான். இரண்டாம் மாதம் அவரே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"கை இருந்ததால அசையாம இருந்தாங்களா, இல்ல தனியா இல்லைங்கிறதாலயே மூளை வேற மாதிரி இருந்துச்சா? ரெண்டுல எதுன்னு பிரிக்க முடியலக்கா."

"எனக்கும் பிரிக்கத் தெரியல தம்பி. உள்ள படுத்திருக்கிறதுக்கு அது ரெண்டும் ஒண்ணாதான் இருந்திருக்கும்."

அவருடைய இப்போதைய ஆராய்ச்சியே அந்தக் கேள்விதான். விடை இன்னும் வரவில்லை.

படிவத்தில் முப்பத்து மூன்றாவது கட்டம் வந்தது: 'ஸ்கேனின்போது உடலைத் தொட்டபடி யாரேனும் இருந்தார்களா? எங்கே?' ஆராய்ச்சி ஸ்கேன்களில் இனி யாரும் தொடக் கூடாது என்று விதி வந்தது. அந்த விதியை எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காகக் காத்தவர் நீங்கள். முன்னும் பின்னும் பிள்ளையோடு இருப்பீர்கள்; அந்தப் பத்து நிமிடம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பீர்கள். கை சும்மா இருக்க மாட்டாமல் மைக் வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கும். அந்த வயரை இரண்டு முறை மாற்றிவிட்டோம்.

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் கைதட்டியபோது நீங்கள் மட்டும் தட்டவில்லை. "மீதி ரெண்டு?" என்று கேட்டீர்கள். வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்ல முடியாது என்றார் தம்பி. அன்றிலிருந்து நான்கு ஆண்டுகளாக, வேலை ஓய்ந்த நேரங்களில் நீங்கள் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது எங்களுக்குக் கேட்கும்.

"அந்த ரெண்டு கால் மட்டும் ஞாபகமே வரல."

"ரெண்டு பேருன்னா நாலு கால்க்கா" என்று தம்பி ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். நீங்கள் சிரிக்கவில்லை. "கை வச்சிருக்கேன். எழுந்து போனதும் மறந்திருக்கேன்" என்றீர்கள்.

இதுவரை எல்லாரும் சொன்னதை எழுதினேன். இந்தப் பகுதி மட்டும் நான் சொல்வது. மற்றவர்கள் படித்து, இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகே சேர்த்திருக்கிறேன்.

உடை மாற்றும் அறையில் மூன்று ஆண்டுகளாக உங்களோடு ஊக்கும் ஹூக்கும் சரிபார்ப்பவள் நான். பள்ளியைப் பாதியில் விட்டவள், மடல் எல்லாம் எழுதத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "கையெழுத்து நல்லாருக்குல்ல, அது போதும்" என்று ஆலோசகர் அக்கா தாளைக் கையில் கொடுத்துவிட்டார்.

அக்கா, அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியதும், நான் நினைப்பதெல்லாம் வகுப்புக்கே கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் போவதை நிறுத்தினேன். சித்தி என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். தரை குளிர்கிறது என்று நீங்கள்தான் அலமாரியிலிருந்து சாம்பல் நிறச் சாக்ஸ் எடுத்துக் கொடுத்தீர்கள். அது குளிர்கிறது என்பவர்களுக்கு மட்டும் எப்போதாவது எடுத்துக் கொடுக்கும் சாக்ஸ். என் கால் உங்கள் கண்ணில் படவே இல்லை. மறந்ததாகச் சொல்கிறீர்கள், மறக்கிற அளவுக்குக்கூட நீங்கள் அதைப் பார்க்கவில்லை. என் எண்ணைச் சொல்லி நானே கேட்டபோது, உங்கள் தாளில் அது இல்லை என்று வரைபடத் தம்பி எனக்கு மட்டும் சொன்னார்.

புதன்கிழமைப் பட்டியலில் எனக்கும் ஆண்டுக்கு ஒரு அழைப்புதான். அந்த ஓர் அழைப்பையும் நான் எடுத்திருக்க மாட்டேன். அப்போது நான் போனில் யாரோடும் பேச மாட்டேன். ஆலோசகர் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டபோது சித்தி போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா வைத்துவிடாமல் காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "கால்ல ஒரு கை" என்றேன். அந்த வாரம் முழுவதும் நான் பேசியது அந்த மூன்று சொற்கள்தான். அதற்குப் பிறகு குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடம் போனேன். முதல் நான்கு மாதம் சுவரோரம் உட்கார்ந்தேன். ஐந்தாம் மாதம் பக்கத்து நாற்காலிப் பெண் என் பேனாவைக் கேட்டாள், கொடுத்தேன். இப்படித்தான் நடந்தது, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது வேலைக்கு வருகிறேன், சித்தியோடு சண்டை போடுகிறேன், போன் அடித்தால் எடுக்கிறேன்.

நீங்கள் அந்த இரண்டு பேரை நினைத்து வருந்துவதை மூன்று ஆண்டுகளாக நாலடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தது என் தவறு. அதை எல்லார் முன்னும் ஒப்புக்கொள்ள இந்த மடலைவிட நல்ல இடம் கிடைக்காது.

உங்களுக்கு நினைவிருந்த பிள்ளைகளுக்காக நீங்கள் படியேறினீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். உங்களுக்கு நினைவில்லாத எனக்காகவும் அதே படியில்தான் ஏறியிருக்கிறீர்கள். எனக்கு அது போதும் அக்கா.

இனி மறுபடியும் நாங்கள் எல்லாரும். உங்கள் முழங்கால் வலி குறையட்டும், இரத்த அழுத்தம் எல்லைக்குள் நிற்கட்டும், மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் நினைத்தபோது போய் நினைத்தபோது திரும்பும் சுகம் வாய்க்கட்டும், உங்கள் வீட்டுக்காரரும் நீங்களும் பேரப் பிள்ளைகளின் பிள்ளைகளைப் பார்க்கும்வரை நலமோடு நெடுநாள் வாழ வேண்டும் என்று மனமார விரும்புகிறோம். மற்ற ஒருவர் யாரென்று தம்பியைத் தவிர எங்களில் யாருக்கும் தெரியாது; அவர் சொல்லவும் மாட்டார். ஆனால் அவரும் அன்று போனை எடுத்துப் பதில் சொன்னவர்தான். எனவே அக்கா, இரண்டு பேரின் கவலையில் ஒருவருடையதை இந்த மேடையிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மற்றதை இனி நாங்கள் வைத்துக்கொள்கிறோம்.

உங்களோடு உழைத்தோம் என்ற பெருமையுடன்,

மூளை ஸ்கேன் பிரிவின் பெரிய டாக்டர், மனநல ஆலோசகர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து டெக்னீஷியன், வரைபடத் தம்பி, செவிலியர் இருவர், பதிவு மேசையினர் இருவர், துப்புரவுப் பணியாளர் இருவர், உடை மாற்றும் அறைப் பெண்.